கைப்பற்றிய துப்பாக்கியின் பூர்வீகம்

கிள்ளானில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்த நண்பர் ஒருவர் அமெரிக்காவில் குடியேறி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. போன தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு படம் அனுப்பினார். சுவரில் சாய்த்து வைத்த பழைய 303 துப்பாக்கி. உரிமம் உள்ள கடையில் முறையாக வாங்கியதாம். "சிங்கப்பூர் விழுந்தப்போ ஜப்பான்காரன் புடிச்சு, நேதாஜி படைக்குக் கொடுத்ததுன்னு கடைக்காரர் சொன்னாரு. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா நம்ம ஊரு சரக்காச்சே" என்று எழுதியிருந்தார்.

மரக்கட்டை குழலோடு சேரும் கழுத்துப் பகுதியில் ஓர் இரும்புப் பட்டை இருக்கும்; அதன் வலப்பக்கத்தை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். மேலே ஒரு கிரீடம். அதன் கீழ் ஜார்ஜ் மன்னரின் ஜி.ஆர்.ஐ. முத்திரை. அதற்கும் கீழே இஷாப்பூர் என்ற ஊர்ப்பெயர். கல்கத்தாவுக்கு வடக்கே உள்ள அந்த ஊரில்தான் பிரிட்டிஷ் இந்தியாவின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அடியில் ஆண்டு: 1943.

சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. மறு ஆண்டு பிறந்த துப்பாக்கி முந்தைய ஆண்டே எப்படிச் சிறைப்படும்? 1944இல் பர்மா எல்லையில், இம்பால் பக்கம் பிடிபட்டிருக்கலாமே என்று நண்பர் வாதாடினார். இருக்கலாம்தான். ஆனால் அதற்கு ஒரு தாள் வேண்டும், ஒரு முத்திரை வேண்டும், யாரோ ஒருவர் எழுதி வைத்த ஒரு வரியாவது வேண்டும். கடைக்காரரிடம் இருந்தது வாய்வார்த்தை மட்டுமே. நண்பர் துப்பாக்கிக்கு ஒரு விலையும் கதைக்கு இன்னொரு விலையும் கொடுத்திருக்கிறார்.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். போரில் கைமாறிய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கோ மூலம் ஒன்றுதான் எல்லாமே. இரும்பும் மரமும் எங்கும் ஒன்றுதான். நண்பரின் 303 சேர்ந்த லீ-என்ஃபீல்டு வகையில் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரு கோடியே எழுபது லட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டதாகக் கணக்கு. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒன்றைத் தனித்துக் காட்டுவது அதன் பூர்வீகம்தான்: யார் செய்தது, யார் தூக்கியது, யார் பறித்தது, யார் கழித்துக் கட்டியது.

சந்தையில் துப்பாக்கி கைமாறிய விதங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். களத்தில் பறித்தது வேறு. சரணடைந்த படை வரிசையில் நின்று ஒப்படைத்தது வேறு. சொந்த ராணுவமே பழசாகிவிட்டது என்று ஏலம் விட்டது வேறு. அடையாளங்களும் வெவ்வேறு. பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு அகன்ற அம்புக்குறி போடுவார்கள். அதை விற்றுவிட்டால் இன்னோர் அம்பை முனையோடு முனை மோதுமாறு அடித்துவிடுவார்கள். "இனி இது அரசுடையது அல்ல" என்று பொருள். ஜப்பானிய அரிசாகாவில் தோட்டா நுழையும் அறைக்கு மேலே பதினாறு இதழ்ச் செவ்வந்திப் பூ இருக்கும், பேரரசரின் சின்னம். சரணடைந்தபோது பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்தப் பூவைத் தேய்த்து அழித்துவிட்டே கொடுத்தார்கள். பூ அழியாமல் இருந்தால் சண்டையில் நேரடியாகப் பிடிபட்டதாக இருக்கலாம் என்பது சேகரிப்பாளர் கணக்கு. விலையும் அதற்கேற்ப ஏறும்.

ஜெர்மானிய மாசர்களின் கதை இன்னும் வேடிக்கை. 1945க்குப் பிறகு சோவியத் படை தன்னிடம் குவிந்தவற்றைக் கழற்றி, கழுவி, கறுப்பேற்றி, கைக்கு வந்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டி, எண்கள் பொருந்தாத இடத்தில் மின்பேனாவால் புது எண்ணைக் கீறி, ஒரு பெருக்கல் குறி அடித்துக் கிடங்கில் அடுக்கியது. ஒரு தலை, ஒரு உடல், வேறொரு கால். அரை நூற்றாண்டு கழித்து அவை மேற்கத்தியச் சந்தைக்கு வந்தபோது, அசல் மாறாததையே தேடும் சேகரிப்பாளர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் வரலாற்றுக்கு அதைவிட நேர்மையான சாட்சி எது? கைமாறியதை அது மறைக்கவே இல்லை.

இந்தச் சரக்கை உலக வணிகமாக்கியவர் சாமுவேல் கம்மிங்ஸ் என்ற அமெரிக்கர். 1953இல் இன்டர்ஆம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அரசுகள் கழித்துப்போட்டதை மொத்தமாக வாங்கி வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் கிடங்கு கிடங்காக நிறைத்தார். அந்தக் காலத்தில் அங்கே ஒரு ராணுவத் துப்பாக்கி சைக்கிளை விட மலிவு, தபாலிலும் வாங்கலாம். 1963இல் கென்னடியைக் கொன்ற இத்தாலியத் துப்பாக்கியும் சிகாகோ கடை ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்து, தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்டுக்குத் தபாலில் வரவழைத்ததே. 1968இல் சட்டம் வந்தது. அந்நிய ராணுவங்கள் கழித்த துப்பாக்கிகளின் இறக்குமதி நின்றது. 1980களில் அரும்பொருள் என்ற பெயரில் கதவு மீண்டும் கொஞ்சம் திறந்தது. இந்தியா கழித்துவிட்ட இஷாப்பூர் 303கள் அமெரிக்கச் சுவர்களில் ஏறியது அந்த வழியில்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

பெட்டாலிங் ஜெயாவின் ஆம்கோர்ப் மாலில் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தை கூடும். கிராமபோன், பற்சிப்பித் தட்டு, ராணுவத் தண்ணீர்க் குடுவை, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு எல்லாம் கிடைக்கும். தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் துப்பாக்கி ஏதாவது வருவதுண்டா என்று சும்மா கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அண்ணே, அந்தப் பேச்சே வேணாம். வாழைமரம் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு" என்றார். அவர் பயந்தது நியாயம்.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டுவரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தில் வழக்குப் போட்டால் 14 ஆண்டுவரை சிறையும், 6க்குக் குறையாத பிரம்படியும். கடத்தல், வியாபாரம் என்று ஆகிவிட்டால் மரண தண்டனை வரை போகலாம். மரண தண்டனை கட்டாயம் என்றிருந்த பிரிவுகளில் 2023 ஜூலை 4 முதல் நீதிபதிக்கு வேறு தண்டனை விதிக்கும் உரிமை வந்திருக்கிறது. போலித் துப்பாக்கியும் தப்ப முடியாது. அதை இறக்குமதி செய்தால், விற்றால் ஓராண்டுவரை சிறை அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம். உரிமம் தரும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவரிடம் இருக்கிறது. குரங்கும் பன்றியும் பயிரை அழிக்கின்றன என்று காட்டுகிற விவசாயிக்கு வேட்டைத் துப்பாக்கி கிடைக்கலாம். "எனக்கு வரலாற்றில் ஆர்வம்" என்று மனு எழுதிப் போர்க்களத் துப்பாக்கி கேட்பவரைப் பார்த்து அங்குள்ளவர்கள் சிரிக்காமல் இருந்தால் ஆச்சரியம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? குற்றத்தடுப்பு ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் இந்த மண்ணிலேயே கிடக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கி ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கு வந்தது. இங்கே அது ஓய்வு பெறவே இல்லை; ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்ச் சுட்டுக்கொண்டே இருந்தது.

1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையேறினர். கம்பாரில் சில நாள் தடுத்து நின்ற பிறகு, 1942 ஜனவரி 7இல் சிலிம் ரிவரில் 11ஆவது இந்தியப் பிரிவு சிதறியது. நான்கே நாளில், ஜனவரி 11இல், கோலாலம்பூர் விழுந்தது. பின்வாங்கிய வீரர்கள் சாலையோரத்திலும் ரப்பர்க் காட்டிலும் போட்டுவிட்டுப் போன துப்பாக்கிகளைப் பொறுக்கியவர்கள் இரண்டு தரப்பு. ஒன்று, ஜெயித்த ஜப்பானியர். மற்றொன்று, கம்யூனிஸ்டுகள் தலைமையில் காட்டுக்குள் உருவாகிக்கொண்டிருந்த மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படை. பிரிட்டிஷார் அவசரமாகப் பயிற்சி கொடுத்துக் காட்டுக்குள் விட்டுப்போன சின்னக் குழுக்கள் அதற்கு விதை. கைவிடப்பட்ட 303கள் அதற்கு உரம்.

ஜப்பானியர் எடுத்த பங்கு எங்கே போனது? பிப்ரவரி 17இல் சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியப் போர்க்கைதிகளை பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களைக் கொண்டு மோகன் சிங் தொடங்கிய இந்திய தேசிய ராணுவத்துக்கு (ஐ.என்.ஏ.) ஜப்பானியர் கொடுத்த ஆயுதங்களில் பெரும்பகுதி இவ்வாறு கைப்பற்றிய பிரிட்டிஷ் சரக்கே. தன் தோளிலிருந்து பறிக்கப்பட்ட துப்பாக்கியையே, எதிரியை மாற்றிக்கொண்டு, மறுபடி தோளில் போட்ட சிப்பாய்கள் எத்தனை பேரோ!

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு இந்தக் கதை தமிழர் கதையாகிறது. அதுவரை சிப்பாய்களின் படையாக இருந்ததில் சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான் தோட்டத்து லயங்களிலிருந்து பல ஆயிரம் இளைஞர்கள் சேர்ந்தார்கள். அதுவரை பால் வெட்டும் கத்தியைத் தவிர எந்த இரும்பையும் பிடித்தறியாத கைகள். 1941இல்தான் கிள்ளான் தோட்டங்களில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தை அடக்கப் பட்டாளம் வந்து, ஐந்து தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றிருந்தது. அந்தத் தொழிலாளர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கியின் முன்முனையை மட்டும் பார்த்தவர்கள் இரண்டே ஆண்டில் அதன் பின்முனையைப் பிடித்தார்கள். ஐ.என்.ஏ.வின் ஈர்ப்பைப் பேசும்போது போஸின் பேச்சாற்றலைச் சொல்கிறோம்; கிள்ளான் படுகொலையைச் சேர்த்துச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

பெண்களும் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் தலைமையில் 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவர் இரண்டாம் நிலைத் தலைவராக உயர்ந்தார். பின்னாளில் புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர், 2000இல் இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது, 2014இல் மறைந்தார். 303 துப்பாக்கி ஏறக்குறைய நான்கு கிலோ. சுடும்போது தோளில் உதைக்கும் உதையை இருபது வயது நிரம்பாத பெண்கள் பழகிக்கொண்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்கையில், படங்களில் அவர்கள் ஏன் அவ்வளவு விறைப்பாக நிற்கிறார்கள் என்பது புரிகிறது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் 9இல் பிரிட்டிஷ் படை மோரிப் கடற்கரையில் இறங்கியது. 13ஆம் தேதி கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் ஜப்பானிய 29ஆவது படையின் தளபதி கையெழுத்திட்டார். இப்போது வருகிறது இந்த மண்ணில் நடந்த பெரிய துப்பாக்கி வாங்கல். வாங்கியது அரசு. 1945 டிசம்பரில் ஜப்பானிய எதிர்ப்புக் காட்டுப்படை கலைக்கப்பட்டபோது ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு வீரருக்கும் 350 வெள்ளி கொடுத்தார்கள். சுமார் 6,800 பேர் வந்தார்கள். 5,497 ஆயுதங்கள் சேர்ந்தன. ஆளுக்கு ஒன்று என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே கழித்துப் பார்த்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் நல்ல சரக்கு எண்ணெய்த் துணி சுற்றிக் காட்டில் புதைந்ததென்பது மூன்றே ஆண்டில் தெரிந்துவிட்டது.

1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். புதைத்தது வெளியே வந்தது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரணம் என்று விதி வந்தது. சரணடைபவர் ஆயுதம் கொண்டுவந்தாலோ புதைத்த இடத்தைக் காட்டினாலோ அரசு ரொக்கம் கொடுத்தது. ஆக, 1945இல் தொடங்கிய வாங்கல் நிற்கவில்லை. கூடவே தூக்குக்கயிறும் சேர்ந்துகொண்டது.

அந்தக் கயிற்றில் தொங்கியவர்களில் ஒருவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத் தம்பிக்கோட்டையில் பிறந்து மலாயா வந்தவர், ஐ.என்.ஏ.வில் இருந்தவர், அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1949 மார்ச்சில் ரவாங் அருகே பிடிபட்டபோது அவரிடம் ஒரு ரிவால்வரும் 6 தோட்டாக்களும் இருந்தன. அதைப் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாக அவர் தரப்பு சொன்னது. நீதிமன்றம் ஏற்கவில்லை. நேருவின் அரசு கருணை கேட்டது, பயனில்லை. மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள் அவரது தோழர் வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கணபதியின் அரசியலை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆனால் ஒரு கைத்துப்பாக்கி எங்கிருந்து வந்தது, எங்கே போய்க்கொண்டிருந்தது என்ற கேள்வி ஒரு மனிதரின் உயிருக்கு இவ்வளவு நெருக்கமாக நின்றது வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை. என் நண்பர் பூர்வீகம் பார்க்காமல் ஏமாந்தது சில நூறு டாலர்.

புடு சிறைக் கட்டடங்கள் 2012க்குள் இடிக்கப்பட்டன. அங்கே இப்போது வணிக வளாகம்.

துப்பாக்கிகள் எங்கே என்று கேட்டால், பார்க்க வழி இருக்கிறது. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சென்ட்ரல் நிலையத்தைத் தாண்டி ஏரிப் பூங்கா பக்கம் ஏறினால், ஜாலான் பெர்டானாவில் அரச மலேசியப் போலீஸ் அரும்பொருளகம் இருக்கிறது. அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளிடமிருந்து பிடித்த ஆயுதங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. போர்ட் டிக்சனில் ராணுவ அரும்பொருளகம் இன்னொன்று. போலீஸ் அரும்பொருளகத்துக்குப் போகிற வழியில் தேசிய அரும்பொருளகத்தையும் கவனியுங்கள். அந்த இடத்தில் முன்பு இருந்தது சிலாங்கூர் அரும்பொருளகம். 1945 மார்ச் 10இல் அமெரிக்க பி-29 விமானங்கள் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து ரயில் வளாகத்தைக் குறிவைத்துப் போட்ட குண்டு தவறி அதன்மேல் விழுந்தது. போரைக் காட்சிக்கு வைக்க வேண்டிய கட்டடத்தைப் போரே தின்றது.

போலீஸ் அரும்பொருளகத்தில் கண்ணாடிப் பெட்டிகளின் முன் நான் அதிக நேரம் நின்றேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு வகை தெரிகிறது. கழுத்துப் பட்டையின் முத்திரையும் தொடர் எண்ணும் தெரிவதில்லை. ஒரு 303இன் முத்திரையில் 1940 என்றும் இஷாப்பூர் என்றும் இருந்தால், அது இந்தியச் சிப்பாய், ஜப்பானியர், தோட்டத்து ஐ.என்.ஏ. இளைஞர், காட்டுப்படை, போலீஸ் என ஐந்து கைகளைக் கண்டிருக்க வாய்ப்புண்டு. 1945 என்று இருந்தால் அந்தப் பாதை முழுக்கவே மாறிவிடும். ஓர் இலக்கம்தான் வித்தியாசம். எண்ணையும் முத்திரையையும் படமெடுத்துப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் போதும். பாதுகாப்புக்கு எந்தப் பங்கமும் இல்லை, பள்ளிப் பிள்ளைகளும் அப்பெட்டிகளின் முன் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

அங்கே இல்லாதவையும் உண்டு. 1989 டிசம்பர் 2இல் ஹாட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தானபோது, மலாயா கம்யூனிஸ்டு கட்சி ஆயுதங்களை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. தானே அழித்துவிடுவதாக ஏற்றுக்கொண்டு அழித்தது. "ஒப்படைப்பு" என்ற சொல் தோல்வியைக் குறிக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் மானம் நின்றது. வரலாற்றுக்கு நஷ்டம்.

அப்படியானால் இங்கே இருக்கும் ஆர்வலர் எதைத்தான் சேர்ப்பது? துப்பாக்கியை விட்டுவிடுங்கள், சட்டம் மாறப்போவதில்லை, மாற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. முனைக் கத்தியும் சிக்கல்தான்: பொது இடத்தில் தக்க காரணமில்லாமல் எடுத்துப்போனால் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். ஆனால் என் நண்பரின் 1943 துப்பாக்கிக்கு எது இல்லையோ, அது நம் வீடுகளில் கிடக்கிறது. ஐ.என்.ஏ. சீருடையில் தாத்தா எடுத்த படம், 2602 என்று ஜப்பானிய ஆண்டு போட்ட அனுமதிச் சீட்டு, படைக்குக் காணிக்கை கொடுத்த நகைக்கு ரசீது, அவசரகால அடையாள அட்டை. வீடு மாற்றும்போது, தோட்டம் துண்டாடப்பட்டு லயம் இடிபடும்போது, முதலில் குப்பைக்குப் போவது இவைதாம்.

இரண்டு வேண்டுகோள். தோட்டத்திலோ பழைய வீட்டுக் கூரையிலோ துருப்பிடித்த துப்பாக்கியோ தோட்டாவோ கண்ணில் பட்டால், தொட வேண்டாம், துடைத்துப் பார்க்க வேண்டாம், நீங்களே நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டும் போக வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 999க்கு அழையுங்கள். வீட்டு ஆல்பத்தில் தோளில் துப்பாக்கியோடு யாராவது நின்றால், படத்தை மெதுவாகக் கழற்றிப் பின்பக்கத்தையும் சேர்த்து நகலெடுங்கள். எந்த முகாம், எந்த ஆண்டு, பக்கத்தில் நிற்பவர் யார் என்று வீட்டில் இன்னும் நினைவோடு இருக்கும் மூத்தவரிடம் இந்த வாரமே கேட்டு, பென்சிலால் எழுதி வையுங்கள்.